ஊழியர்களை வேலையில் தேறவைப்பது எப்படி? டெல்டா தாலுகாவில் புதிதாகப் பொறுப்பேற்பவருக்கு

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று காவிரிப் படுகையின் ஏதாவது ஒரு தாலுகாவுக்கு முதல் முறையாகத் தாசில்தாராகவோ துணை வட்டாட்சியராகவோ வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். வேளாண்மை உதவி இயக்குநருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் இது முக்கால்வாசி பொருந்தும்.

பொறுப்பேற்ற முதல் வாரத்திலேயே ஒன்று கண்ணில் படும். முப்பது பேர் இருக்கும் அலுவலகத்தில் நான்கைந்து பேர்தான் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். மற்றவர்கள் சோம்பேறிகள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அந்த வேலையை யாரும் ஒழுங்காகச் சொல்லித் தந்ததில்லை. குரூப் 4 எழுதித் தேறி, நியமன உத்தரவு வாங்கி, சேர்ந்த அன்றே ஒரு சீட்டில் உட்காரவைக்கப்பட்டவர்கள். அந்த சீட்டில் முன்பு இருந்தவர் மாறுதலில் போய்விட்டார். பழைய கோப்பைப் பார்த்து அப்படியே எழுதித்தான் காலம் ஓடுகிறது.

ஊழியர் திறன் மேம்பாடு என்றால் உடனே கூட்ட அரங்கு, புரொஜெக்டர், வருகைப் பதிவு, குழுப் புகைப்படம் என்று மனம் போகும். அதற்கும் ஓர் இடம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன். ஆனால் டெல்டாவில் அலுவலகத்தின் வேலையைத் தீர்மானிப்பது தண்ணீர். மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். குறுவை, சம்பா, தாளடி, மழை, கொள்முதல், ஜமாபந்தி (கிராமக் கணக்குகளின் ஆண்டுத் தணிக்கை) எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரிசையாக வந்து நிற்கும். எந்த வேலை எந்த மாதத்தில் கழுத்தைப் பிடிக்கும் என்பது முன்கூட்டியே தெரிகிற ஊர் இது. ஆகவே வேலை வந்து விழுவதற்கு ஒரு மாதம் முன்னால், அந்த வேலைக்கான பதிவேட்டையே கையில் கொடுத்து, அதை நன்றாகச் செய்கிற சக ஊழியரைக் கொண்டே கற்றுத்தர வேண்டும். இந்தக் கட்டுரையில் உள்ளதெல்லாம் அதற்கான வழிகள்தான்.

திருப்பி அனுப்பியதிலிருந்து தொடங்குங்கள்

"உங்களுக்கு என்ன பயிற்சி தேவை?" என்று படிவம் கொடுத்தால் எல்லோரும் கம்ப்யூட்டர் பயிற்சி என்று எழுதித் தருவார்கள். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அதற்குப் பதிலாக, கடந்த மூன்று மாதங்களில் திருப்பி அனுப்பப்பட்ட, நிராகரிக்கப்பட்ட மனுக்களின் பட்டியலை எடுங்கள். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, வருமானச் சான்று எல்லாமே இப்போது ஆன்லைனில்தான் வருகின்றன. பட்டியல் எடுப்பது கஷ்டமில்லை. கூடவே ஆட்சியர் அலுவலகமும் கோட்டாட்சியர் அலுவலகமும் குறிப்பு எழுதித் திருப்பிய கோப்புகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என்ன காரணம், எந்த பிர்கா (குறுவட்டம்), யார் மேசை என்று மூன்று நெடுவரிசை போட்டு எழுதினால் போதும். ஒரு மாலை வேலைதான்.

அதில் "ஆவணம் தெளிவாக இல்லை" என்ற காரணம் நிறைய வரும். சில இடங்களில் அது உண்மையாகவே இருக்கும். இ-சேவை மையத்தில் மொபைலில் படம் எடுத்து ஏற்றியிருப்பார்கள். சில இடங்களில் நிலுவை கணக்கு கேட்கும் நாளுக்கு முந்தைய மாலை மொத்தமாகத் திருப்பியதாக இருக்கும். தேதியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். முதலாவதற்குப் பயிற்சி தர வேண்டியது மையத்துக்காரருக்கு. இரண்டாவது பயிற்சிக் குறைவே அல்ல, அதைத் தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் எத்தனையோ பயிற்சிகள் வீணாகின்றன. வாரிசுச் சான்று மனுக்கள் ஒரே பிர்காவில் தேங்கினால், இரண்டாம் திருமணம், காணாமல் போன மகன் போன்ற சிக்கலான விஷயங்களில் என்ன ஆவணம் கேட்பது என்று அங்குள்ள வருவாய் ஆய்வாளருக்கு (ஆர்.ஐ.) தயக்கம் இருக்கிறது என்று அர்த்தம். அதைச் சொல்லித் தர அரை மணி நேரம் போதும்.

இந்தப் பட்டியலை ஆய்வுக் கூட்டத்தில் பெயர் சொல்லி வாசிக்காதீர்கள். ஒரு முறை வாசித்தீர்களானால் அடுத்த மாதம் முதல் எல்லாத் தவறும் பட்டியலுக்குள் வராதபடி பார்த்துக்கொள்வார்கள்.

கோடையில் வயலுக்கு, கையில் எஃப்எம்பியோடு

பிப்ரவரிக் கடைசியிலிருந்து மே வரை வயல்கள் காய்ந்து கிடக்கும். வரப்பும் கல்லும் கண்ணுக்குத் தெரிகிற காலம் அதுதான். புதிய கிராம நிர்வாக அலுவலர்களுக்கு (விஏஓ) நிலத்தைப் படிக்கக் கற்றுத்தர இதைவிட நல்ல நேரம் கிடையாது. தண்ணீர் வந்து நடவு முடிந்துவிட்டால் அடுத்த வாய்ப்புக்கு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும்.

நான்கு விஏஓக்கள், ஒரு குறுவட்ட அளவர், அந்த ஊர் தலையாரி, இவ்வளவு பேர் போதும். தகராறு இல்லாத ஒரு புலமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் பயிற்சி பஞ்சாயத்தாக மாறிவிடும். புலப்படத்தை (எஃப்எம்பி) கையில் கொடுத்து, வடக்கு பார்த்துத் திருப்பிப் பிடிக்கச் சொல்லுங்கள். பலர் இங்கேயே தடுமாறுவார்கள். அப்புறம் முதல் கல்லைத் தேடச் சொல்லுங்கள். கல்லிலிருந்து கல்லுக்கு ஜி லைன் என்னும் அளவுக் கோட்டில் நடந்து, படத்தில் உள்ள அளவையும் டேப்பில் வரும் அளவையும் அவர்களே எழுதட்டும். எத்தனை கல் காணாமல் போயிருக்கிறது என்பதையும் எழுதட்டும். பிறகு அதே புலத்துக்கு 'அ' பதிவேட்டில் (கிராமத்தின் நிலப் பதிவேடு) என்ன பரப்பு, நஞ்சையா புஞ்சையா, பட்டா யார் பெயரில் என்று பார்த்து, வயலில் நிற்பவரிடம் கேட்டதோடு ஒப்பிட வேண்டும். அளவர் வாயைத் திறக்காமல் பக்கத்தில் நிற்பதுதான் முக்கியம். அவர் பிடுங்கி அளக்க ஆரம்பித்தால் மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

வேறு மாவட்டத்திலிருந்து வந்தவர்களுக்கு ஊர்க் கணக்கும் புதிது. இங்கே விவசாயி ஏக்கரில் பேச மாட்டார். "நம்மள்து மூணு மா" என்பார். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர், ஒரு வேலி ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. பதிவேட்டில் ஹெக்டேர், பத்திரத்தில் சென்ட், பேச்சில் மா. இந்த மூன்றுக்கும் நடுவே மனக்கணக்கு ஓடாத விஏஓ, நேரடி விசாரணைக்குப் போனாலும் பாதி விஷயம் காதில் விழாமலே திரும்புவார்.

இதே மாதங்களில் ஜமாபந்திக்காகக் கிராமக் கணக்குகளை எப்படியும் எழுதியாக வேண்டும். பசலி (வருவாய்த் துறையின் கணக்காண்டு) ஜூன் 30-ல் முடிகிறது. கணக்கு எழுதுவதைத் தண்டனையாக நினைக்காமல், ஒவ்வொரு கணக்கும் எதிலிருந்து எதற்குப் போகிறது என்று மூத்த விஏஓ ஒருவரை விளக்கச் சொல்லுங்கள். இதற்குத் தனி ஏற்பாடு வேண்டாம்.

ஆகஸ்ட், செப்டம்பர்: அடங்கலும் குத்தகையும்

சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு வழக்கமாக நவம்பர் 15 வரை கெடு. அக்டோபர் பிற்பகுதியிலிருந்து விஏஓ அலுவலக வாசலில் அடங்கலுக்கு (எந்தப் புலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்ற கிராமக் கணக்கு) வரிசை நிற்கும். அந்த வரிசை வந்தபின் யாருக்கும் எதுவும் கற்றுத்தர முடியாது. செப்டம்பருக்குள் முடித்துவிட வேண்டும்.

இங்கே கற்றுத்தர வேண்டிய முதல் விஷயம் சாஃப்ட்வேர் அல்ல. வரிசையில் நிற்பவர் பல நேரம் பட்டாதாரராக இருக்க மாட்டார். நிலம் கோயிலுடையது, மடத்துடையது, அல்லது சென்னையில் இருக்கும் ஒருவருடையது. உழுபவர் குத்தகைதாரர், பெரும்பாலும் வாய்மொழிக் குத்தகை. 1955-ஆம் ஆண்டின் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், குத்தகை உரிமைகளைப் பதிவு செய்வதற்கான 1969-ஆம் ஆண்டின் சட்டமும் டெல்டாவில் அன்றாட விவகாரம். மேற்கு மாவட்டத்திலிருந்து வரும் புது ஊழியர் இவற்றைப் பரீட்சைக்குப் படித்ததோடு சரி. ஒருவர் சாகுபடி செய்கிறார் என்று அடங்கலில் காட்டுவது வேறு, அவருக்குக் குத்தகை உரிமை உண்டு என்று சொல்வது வேறு. முதலாவது விஏஓ வயலைப் பார்த்து எழுத வேண்டியது. இரண்டாவது அவர் தீர்மானிக்கக் கூடியதே அல்ல. இந்த வித்தியாசம் தெரியாத விஏஓ, ஒன்று பயந்துபோய் எல்லாக் குத்தகைதாரரையும் திருப்பி அனுப்புவார், அல்லது கேட்டவருக்கெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு நாள் 17 பி (கடுமையான ஒழுங்கு நடவடிக்கைக்கான குற்றச்சாட்டு) வாங்குவார்.

சொல்லித் தரும் விதம்: போன வருஷத்துச் சிக்கலான நேர்வுகள் ஐந்தாறை எடுத்து, பெயரை நீக்கிவிட்டு, ஆளுக்கொன்று கொடுங்கள். "நீங்களாக இருந்தால் என்ன எழுதுவீர்கள்?" என்று கேட்டு, எழுதவைத்து, அதன் பிறகு அப்போது எடுத்த முடிவைக் காட்டுங்கள். சட்டப் பிரிவை வாசித்துக் காட்டினால் பத்து நிமிஷத்தில் எல்லோரும் மொபைலுக்குப் போய்விடுவார்கள். தன் கையெழுத்தில் ஒரு பதில் எழுதி வைத்திருப்பவர் மட்டும் கடைசி வரை உட்கார்ந்திருப்பார்.

இரண்டு மூன்று கிராமங்களைக் கூடுதல் பொறுப்பாகப் பார்ப்பவர் எல்லா வயலுக்கும் போக முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ளுங்கள். எந்தப் புலங்களைக் கட்டாயம் நேரில் பார்க்க வேண்டும், எதில் தலையாரி சொல்வதை நம்பலாம் என்று முன்னுரிமை சொல்லித் தருவதும் பயிற்சிதான்.

மழைக்கு முன் ஒரு நாள்

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அன்று களத்தில் நின்றவர்களில் பலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள், மிச்சம் பேர் மாறுதலில் சிதறிவிட்டார்கள். எந்த ரோடு முதலில் துண்டிக்கும், எந்தப் பள்ளிக்கூடச் சாவி யாரிடம், எந்த வாய்க்காலில் உடைப்பு எடுத்தால் எந்தத் தெரு மூழ்கும் என்பது எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. அக்டோபர் முதல் வாரத்தில் அன்று களத்தில் நின்ற இரண்டு பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் புதியவர்களைக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். ஓய்வு பெற்ற தலையாரியாக இருந்தால் இன்னும் நல்லது. சொல்வதை ஒருவர் எழுதிக்கொண்டே வர வேண்டும்.

அதோடு, பயிர்ச் சேதம் மதிப்பிடப் பழக்குங்கள். 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமானால்தான் நிவாரணம் என்பதால் 30-க்கும் 35-க்கும் உள்ள தூரம் ஒரு குடும்பத்துக்குப் பெரிய தூரம். வருவாய்த் துறையாரும் வேளாண்மைத் துறையாரும் சேர்ந்துதான் கணக்கெடுக்கிறார்கள். ஏதாவது சாய்ந்த பயிர் உள்ள ஒரு வயலுக்கு இரு தரப்பையும் கூட்டிப் போய், ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல் சதவீதம் எழுதச் சொல்லுங்கள். 20 முதல் 60 வரை வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். ஏன் அப்படி எழுதினோம் என்று அவர்களுக்குள் பேசவிடுங்கள். மூன்றாவது வயலில் எண்கள் நெருங்கி வரும்.

அறுவடைப் பரிசோதனையும் (விளைச்சலைக் கணக்கிட மாதிரிச் சதுரத்தை அறுத்துப் பார்ப்பது) இதே ஜாதி. ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரம் எங்கே விழ வேண்டும் என்பதை, வயலின் தென்மேற்கு மூலையிலிருந்து தற்செயல் எண்களின்படி நடந்து போய்க் குறிக்க வேண்டும். ரோட்டோரம் வசதியாக இருக்கிறது என்று கயிறு கட்டினால் ஊர் மொத்தத்தின் இழப்பீட்டுக் கணக்கும் கோணலாகிவிடும். வேளாண்மைத் துறையில் பொறுப்பேற்பவர் இதை மட்டும் கைப்பட ஒரு முறை செய்துகாட்டினால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும்.

கொள்முதல் நிலையங்கள் நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் கீழ் வருவதால் அங்குள்ள பட்டியல் எழுத்தர்கள் உங்கள் ஊழியர்கள் அல்ல. ஆனால் புகார் என்னவோ உங்களிடம்தான் வரும். 17 சதவீத ஈரப்பத வரம்பு, அதற்குத் தளர்வு எப்போது வருகிறது, 40 கிலோ மூட்டை, எந்தெந்தச் சான்று கேட்பார்கள் என்ற அளவுக்கு விஏஓக்களுக்குத் தெரிந்திருந்தால் சரி.

அறிக்கை எழுதப் பழக்குவது

நான் அதிகம் நேரம் செலவிடச் சொல்வது இதில்தான், ஏனென்றால் எல்லாக் கோப்பும் விஏஓ எழுதும் நான்கு வரியில்தான் தொடங்குகிறது. வழக்கமாக வருவது இப்படி இருக்கும்: "மனு தொடர்பாக நேரில் விசாரணை செய்ததில் மனுதாரர் கூறுவது உண்மை எனத் தெரியவருகிறது. ஆவன செய்யுமாறு பணிந்து வேண்டுகிறேன்." இதை வைத்து மேலே உள்ளவர் எந்த முடிவும் எடுக்க முடியாது. ஆர்.ஐ. அதையே வழிமொழிவார், துணை வட்டாட்சியர் பரிந்துரைப்பார், நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள். நீதிமன்றத்தில் கேட்டால் நால்வருக்கும் சொல்ல ஒன்றும் இருக்காது.

அதே விஷயம் இப்படி வரட்டும்: "12-ஆம் தேதி காலை புலத்தைப் பார்த்தேன். மனுதாரரும் கிழக்குப் பக்க நில உரிமையாளரும் உடனிருந்தனர். தெற்கு வரப்பில் கல் இல்லை. 'அ' பதிவேட்டில் மனுதாரரின் தந்தை பெயர் உள்ளது. இறப்புச் சான்று இணைத்துள்ளார். இளைய சகோதரர் வெளிநாட்டில் இருப்பதாகச் சொன்னார்கள், அவரது ஒப்புதல் இணைக்கப்படவில்லை." எப்போது, யார் முன்னிலையில், என்ன பார்த்தார், எந்தப் பதிவேடு என்ன சொல்கிறது, எது கிடைக்கவில்லை என்பதெல்லாம் வந்துவிட்டது. பணிவு வார்த்தை ஒன்றிரண்டு குறைந்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இதைப் பழக்க ஒரே வழி, சரியில்லாத அறிக்கையை நீங்களே திருத்தி எழுதிவிடாமல், ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதித் திருப்புவது. "யார் உடனிருந்தார்கள்?" அவ்வளவுதான். முதல் மாதம் நிலுவை கூடும். பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள்.

யார் சொல்லித் தருவது

மூத்தவர்தான் என்பதில்லை, எவர் மேசையில் வேலை தேங்காமல் நகர்கிறதோ அவர். ஆனால் இருபத்தைந்து வயது இளநிலை உதவியாளர் ஐம்பத்தைந்து வயது ஆர்.ஐ.க்குத் 'தமிழ் நிலம்' என்ற நிலப் பதிவு மென்பொருளைச் சொல்லித் தந்தால் அவர் முகம் சுளிக்கும். அதனால் முதல் வகுப்பை அந்த மூத்தவருக்கே கொடுங்கள்: தன்பதிவேடு (தன் சீட்டுக்கு வரும் தபால்களின் பதிவேடு) எப்படி எழுதுவது, பழைய ந.க. (நடப்புக் கணக்கு) எண்ணை வைத்துப் பதிவறையில் கோப்பு தேடுவது எப்படி என்று. அடுத்த வாரம் இளையவர். "அண்ணே, இதுல இப்படி க்ளிக் பண்ணுங்க" என்பது அப்போது யாருக்கும் உறுத்தாது.

திங்கட்கிழமை குறைதீர் நாள், அதை விட்டுவிடுங்கள். வாரத்தில் வேறு ஒரு நாள், காலையில் தபால் வருவதற்கு முன் முக்கால் மணி நேரம். காணொலிக் கூட்டம் வந்து பாதி வாரங்கள் அடிபடும். அடிபட்டாலும் நாளை மாற்றாதீர்கள்.

முதலில் உங்கள் பாஸ்வேர்டு

சங்கடமான விஷயம்தான், இருந்தாலும் சொல்லியாக வேண்டும். பல அலுவலகங்களில் அதிகாரியின் லாகினும் டிஜிட்டல் கையெழுத்துச் சாவியும் ஒரு கம்ப்யூட்டர் ஆபரேட்டர் தம்பியிடம் இருக்கும். ஓடிபி மட்டும் போனில் கேட்டு வாங்கிக்கொள்வார். வசதிதான். ஆனால் இதைப் பார்க்கும் ஆர்.ஐ.யும் விஏஓவும் தங்களுடையதை யாரோ ஒருவரிடம் கொடுப்பார்கள்; கற்றுக்கொள்ள வேண்டிய அவசியமே யாருக்கும் இருக்காது. தவறான ஒப்புதல் போனால் பெயர் உங்களுடையது. முதல் வாரத்திலேயே பாஸ்வேர்டை மாற்றி, சாவியை வாங்கி, பத்து மனுக்களை நீங்களே திறந்து ஒப்புதல் கொடுங்கள். எங்கெல்லாம் திணறுகிறீர்களோ அங்கெல்லாம் உங்கள் ஊழியர்களும் திணறுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளலாம்.

வெளிப் பயிற்சிகள்

இளநிலை உதவியாளர்களுக்கான அடிப்படைப் பயிற்சி பவானிசாகரில். அது கட்டாயம், பதவி உயர்வோடு தொடர்புடையது. வேலை நெருக்கடி என்று தள்ளிப்போட்டு அவர்கள் வாழ்க்கையில் விளையாடாதீர்கள். ஊரக வளர்ச்சித் துறையினருக்கு மறைமலைநகரில் மாநில நிறுவனம் இருக்கிறது, பட்டுக்கோட்டையில் அதன் மண்டல நிறுவனம். வேளாண்மைத் துறைக்குக் குடுமியான்மலை, பாசன மேலாண்மைக்குத் திருச்சி துவாக்குடி. நெல் பற்றிய சந்தேகம் எதுவானாலும் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் கூப்பிடு தூரம்தான். ஒன்றிய அரசு 2020-ல் ஒப்புதல் அளித்த 'மிஷன் கர்மயோகி' திட்டத்தின் இணையதளத்தில் பாடங்கள் இருக்கின்றன. நடத்தைத் திறன், பணித் திறன், துறை அறிவு என்று அதில் பிரித்திருப்பது உங்கள் பட்டியலை வகைப்படுத்தவும் உதவும். வீடியோவை ஓடவிட்டுச் சான்றிதழ் வாங்குவதை மட்டும் பயிற்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பயிற்சிக்கு ஆள் கேட்டு உத்தரவு வந்தால், யாரை அனுப்பினால் அலுவலகம் நிற்காதோ அவர் பெயரைத்தான் எல்லோரும் எழுதுகிறோம். அதனால் ஒரே ஆள் ஐந்து பயிற்சிக்குப் போயிருப்பார். அந்த சீட்டில் வேலை செய்பவர் ஒன்றுக்கும் போயிருக்க மாட்டார். யார் எதற்குப் போனார் என்று ஒரு தாள் வைத்துக்கொண்டால் இது அம்பலமாகும். போய் வந்தவர் அடுத்த வார முக்கால் மணி நேரத்தில் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் வழக்கமாக்குங்கள்.

துறைத் தேர்வுகளை டிஎன்பிஎஸ்சி மே மாதத்திலும் டிசம்பரிலும் நடத்துகிறது. தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரம் எழுதுபவர்களுக்கு மாலை ஐந்தே முக்காலுக்கு மேல் வேலை வைக்காதீர்கள். செலவே இல்லாத ஊக்கம் அது.

சீட் குறிப்பேடு

ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு நோட்டு. இந்த சீட்டில் என்னென்ன பொருள், எந்த மாதம் எந்த அறிக்கை யாருக்குப் போக வேண்டும், எந்த அரசாணை அடிக்கடி தேவைப்படும், எந்தக் கோப்பில் நீதிமன்றத் தடை இருக்கிறது. எழுத வேண்டியவர் அந்த சீட்டில் இருப்பவர்தான், கண்காணிப்பாளர் அல்ல. நான்கு பக்கம் போதும். அது சரியாக இருக்கிறதா என்று பார்க்க, அவர் விடுப்பில் போகும் நாளில் பக்கத்து சீட்டுக்காரரிடம் நோட்டை மட்டும் கொடுத்து ஒரு வேலையை முடிக்கச் சொல்லுங்கள். எங்கே போன் போட்டுக் கேட்க நேர்கிறதோ அந்த இடத்தில் நோட்டில் ஒரு வரி குறைகிறது.

உங்களுக்கும் ஒரு வருஷத்திலேயே மாறுதல் வரலாம். பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் இந்த நோட்டுகளையும், திருப்பிய மனுக்களின் பட்டியலையும், யார் எந்தப் பயிற்சிக்குப் போனார் என்ற தாளையும் இனம் போட்டு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.